பேட்டாவும் பீரங்கியும்

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. அப்புறம் சரித்திரம்.

எங்க கம்பெனியில் பயணச் செலவு க்ளெய்ம் பண்றதுக்கு ஒரு சாஃப்ட்வேர் உண்டு. வெளியில் வாங்கினது இல்லை, உள்ளேயே எழுதினது. ரெண்டு வருஷம் முன்னால் அந்த டீமில் நானும் இருந்தேன். ஒருநாள் ஃபைனான்ஸிலிருந்து புது விதி ஒண்ணு வந்தது. வெளியூர் கிளையன்ட் ஆபீஸுக்குப் போறவர் ஒரே ஊரில் 90 நாளுக்கு மேல் இருந்தால், 91-வது நாளிலிருந்து அது அவருக்கு உள்ளூர். தினப்படி கிடையாது, தங்கும் செலவு கிடையாது.

கோடில் என்ன பெரிய வேலை? ஒரே ஒரு இஃப் கண்டிஷன். அரை மணி நேரத்தில் எழுதி, டெஸ்ட் பண்ணி, ரிலீஸுக்குத் தள்ளிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஒரு போன். கோவில்பட்டிப் பையன், எங்க பழைய டீமில் ஜூனியர். ஹைதராபாத்தில் கிளையன்ட் ஆபீஸில் இருந்தான். சென்னையில் எடுத்த வீட்டை விடாமல் அப்பா அம்மாவை அங்கே வெச்சிருந்தான். ரெண்டு ஊர் வாடகை. போனில் அவன் சண்டை போடலை, கத்தலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அண்ணே, நேத்து வரைக்கும் வெளியூரா இருந்த ஊரு இன்னிக்கு எப்படிண்ணே உள்ளூராச்சு?"

"பாலிசிடா தம்பி"ன்னு சொல்லி வெச்சுட்டேன். வேற என்ன சொல்ல? ஆனா அந்தக் கேள்வி மட்டும் மண்டையிலேயே இருந்தது. அப்புறம் பொழுதுபோகாமல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தைப் பற்றிப் படிச்சிட்டிருந்தபோது தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை நூத்தி எண்பது வருஷம் முன்னாலேயே ஒரு ரெஜிமென்டே கேட்டிருக்கு. பதில் சொன்னது பாலிசி. சில சமயம் பீரங்கி.

கும்பினியின் பேட்டா

(நம்ம கம்பெனி வேற, அந்தக் கம்பெனி வேற என்பதால் அதைப் பழைய வழக்கப்படி 'கும்பினி' என்றே சொல்றேன்.)

கார் டிரைவர் கேட்கிற பேட்டா நமக்கு எல்லாருக்கும் தெரியும். சினிமா யூனிட்டிலும் பேட்டா உண்டு. இந்த வார்த்தை கும்பினிக் காலத்துச் சரக்கு. 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, கன்னடத்தில் நெல்லைக் குறிக்கிற 'பத்த'வோடு இதை முடிச்சுப் போடுகிறது. அதாவது சோத்துக்குக் கொடுக்கிற காசு. நாம 'பயணப்படி', 'பஞ்சப்படி' என்று சொல்லும்போதும் நெல் அளக்கிற படிதான் ஞாபகத்துக்கு வரும்.

கும்பினி ராணுவத்தில் சம்பளம் தனி, பேட்டா தனி. முகாமை விட்டுக் கிளம்பி களத்துக்குப் போனால் கூடாரம், வேலையாள், மூட்டை சுமக்கிற மாடு எல்லாத்துக்கும் செலவு. அதை ஈடுகட்டத்தான் பேட்டா. அரை பேட்டா, முழு பேட்டா, இரட்டை பேட்டா என்று படிக்கட்டு மாதிரி அடுக்கு வேற. நம்ம ஊர் 'டயர் 1 சிட்டி, டயர் 2 சிட்டி' கணக்கெல்லாம் இதுக்கிட்ட பிச்சை வாங்கணும் :-)

1757-ல் பிளாசி. சிராஜ் உத் தௌலாவை இறக்கிட்டு மீர் ஜாஃபர் வங்காள நவாப் ஆனார். நன்றிக்கடனுக்கு கும்பினிப் படைக்கு இரட்டை பேட்டா கொடுத்தார். அடுத்து வந்த மீர் காசிமும் நிறுத்தலை. 1760-ல் பர்த்வான், மிட்னாபூர், சிட்டகாங் மூணு மாவட்டத்து வருமானத்தையும் படைச் செலவுக்கென்று கும்பினிக்கே எழுதிக் கொடுத்துட்டார். இங்கேதான் சிக்கல். கிளையன்ட் கட்டுகிற பில்லாக இருந்தவரை யாருக்கும் வலிக்கலை. மாவட்டங்கள் கும்பினி கைக்கு வந்ததும், அதே பேட்டா கும்பினிப் பையிலிருந்து போக ஆரம்பிச்சது. லண்டனில் உட்கார்ந்திருந்த டைரக்டர்கள் 'இரட்டை பேட்டாவை நிறுத்து' என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். கல்கத்தாவில் இருந்தவர்களுக்குத் தைரியம் வரலை.

1765-ல் கிளைவ் ரெண்டாவது தடவை கவர்னராக வந்தார். 1766 ஜனவரி 1-லிருந்து இரட்டை பேட்டா ரத்து. சோழமண்டலக் கரையில், அதாவது நம்ம சென்னைப் பக்கம், கும்பினி அதிகாரிகளுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் இனி வங்காளத்திலும் என்று உத்தரவு.

கணக்குப் பார்த்தால் நியாயமான உத்தரவுதான். ஆனால் அதுக்கு அஞ்சு மாசம் முன்னால் கிளைவ் இன்னொன்றும் செஞ்சிருந்தார். உப்பு, பாக்கு, புகையிலை வியாபாரத்தைத் தனியுரிமையாக்கி, ஒரு சொஸைட்டி ஆரம்பிச்சு, பெரிய தலைகளுக்கெல்லாம் பங்கு பிரிச்சுக் கொடுத்தார். கவர்னருக்குப் பங்கு, கவுன்சில் உறுப்பினர்களுக்குப் பங்கு, கர்னலுக்கும் மேஜருக்கும் பங்கு. கேப்டனுக்கும் அதுக்குக் கீழே இருக்கிற லெப்டினன்டுக்கும் பட்டை நாமம். அதாவது மேலே இருக்கிறவங்களுக்கு ஸ்டாக் ஆப்ஷன், கீழே இருக்கிறவங்களுக்கு காஸ்ட் கட்டிங். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

சுமார் இருநூறு வெள்ளைக்கார அதிகாரிகள் ரகசியமாகக் கூடிப் பேசி, ஒரே நாளில் ராஜினாமா கொடுப்பது என்று முடிவு பண்ணினார்கள். பின்வாங்கினால் 500 பவுண்டு அபராதம் என்று எழுதிக் கையெழுத்து. வேலை போனவர்களுக்கு உதவ ஒரு நிதி. எல்லையில் மராத்தியப் படை நிற்கிற நேரம் பார்த்து இதைச் செய்தார்கள்.

கிளைவ் அசரலை. சென்னைக்கு ஆள் அனுப்பி அதிகாரிகளை வரவழைத்தார். வியாபாரம் பார்க்கிறவர்களுக்குக்கூட ராணுவப் பதவி கொடுத்தார். அப்புறம் நேராக முங்கேர் முகாமுக்குப் போனார். அங்கே அவர் பக்கம் உறுதியாக நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் கலகம் பிசுபிசுத்தது. நிறைய பேர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

முங்கேர் படைக்குத் தலைவராக இருந்த சர் ராபர்ட் ஃப்ளெச்சருக்கு இந்தச் சதி முன்னாலேயே தெரியும் என்று ராணுவ நீதிமன்றம் அவரை டிஸ்மிஸ் செய்தது. அத்தோடு ஆள் காலி என்று நினைப்போம். இல்லை. லண்டனில் ஆளைப் பிடிச்சு மறுபடி வேலையில் சேர்ந்து, சென்னைக்கே தளபதியாக வந்து, 1776-ல் கவர்னர் பிகட்டைக் கைது பண்ணின கோஷ்டியிலும் ஒருத்தராக இருந்தார். பிகட் காவலிலேயே 1777-ல் செத்துப்போனார். கல்கத்தாவில் பிரச்சினை பண்ணினவரை சென்னைக்கு மாத்தி விடுறது ஒரு பழைய ஹெச்.ஆர். டெக்னிக் போல.

இந்தக் கதையில் ரெண்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. ஒண்ணு, பேட்டாவுக்காகக் கலகம் பண்ணின வெள்ளைக்காரர் ஒருத்தர்கூடத் தூக்கில் தொங்கலை. ரெண்டு, கும்பினியை அன்னிக்குக் காப்பாற்றியது சிப்பாய்.

மாட்டு வாடகை

1824. முதல் பர்மியப் போர். கல்கத்தா பக்கத்தில் பாரக்பூர் முகாமில் 47-வது வங்காளக் காலாட்படை. இன்னும் ரெண்டு ரெஜிமென்டுகளும் அங்கே இருந்தன. மதுராவிலிருந்து நடந்தே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இப்போ சிட்டகாங்குக்குக் கிளம்பு என்று உத்தரவு. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்பியவர்கள் அவர்கள். அதனால் தரை வழி. (ரங்கூனுக்குக் கப்பல் ஏறிப்போன இந்தியப் படையில் பெரும்பகுதி நம்ம சென்னை ராணுவம்தான்.)

பிரச்சினை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு சிப்பாயும் தனக்குத்தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். தனித்தனிப் பாத்திரம், படுக்கை. துப்பாக்கியும் தோட்டாவும் போக இதையும் முதுகில் சுமந்து நடக்க முடியாது. பொதிமாடு வேணும். மாட்டு வாடகை சிப்பாய் கைக்காசு. அதுதான் விதி.

சாதாரண நாளில் சமாளிச்சுட்டாங்க. ஆனால் ரங்கூன் படையெடுப்புக்காக கும்பினியே மாடுகளை வாரிக்கொண்டு போயிட்டதால் சந்தையில் மாடு இல்லை. இருந்த மாட்டுக்கு வாடகை எக்கச்சக்கம். சிப்பாயின் சம்பளம் மாசம் 7 ரூபாய். கேட்டது இதுதான்: ஒண்ணு, மாடு கொடுங்க. இல்லேன்னா இரட்டை பேட்டா கொடுங்க.

கிடைத்த பதில்: மாடு ஏற்பாடு பண்றது சிப்பாயின் பொறுப்பு, விதியில் அப்படித்தான் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. விலையை ஏத்தினது முதலாளி. ஏறின விலையைக் கட்ட வேண்டியது தொழிலாளி. இதைச் சுட்டிக்காட்டினால் ஒழுங்கீனம். விதியை எழுதினவர் மாட்டு வாடகை மாறாது என்று நினைச்சு எழுதியிருக்கார். நாங்க இதை 'ஹார்ட்கோட் பண்றது' என்போம்.

நவம்பர் 1-ம் தேதி அணிவகுப்பில் 47-வது ரெஜிமென்ட் கிளம்ப மறுத்தது. தலைமைத் தளபதி சர் எட்வர்ட் பேஜட் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைக்காரப் படையையும் பீரங்கியையும் கொண்டுவந்தார். மறுநாள் காலை, ஆயுதத்தைக் கீழே போடு அல்லது கிளம்பு என்று உத்தரவு. அவர்கள் நகரவில்லை. பின்னாலிருந்து பீரங்கி வெடித்தது. ஓடினவர்களைத் துரத்திச் சுட்டார்கள். பலர் ஹூக்ளி ஆற்றில் குதித்து மூழ்கினார்கள். பிற்பாடு பார்த்தால், கீழே கிடந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் குண்டே போட்டிருக்கவில்லை. அவர்கள் சண்டைக்கு நிற்கவே இல்லை. கோரிக்கையோடு நின்றிருக்கிறார்கள்.

முன்னால் நின்ற பிந்தா திவாரியைத் தூக்கிலிட்டு, உடலைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். 47 என்ற எண்ணையே ராணுவப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பிந்தா திவாரிக்கு அங்கே ஜனங்கள் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள்.

இருநூறு அதிகாரிகள் சேர்ந்து சதி செய்த 1766-ல் மன்னிப்பு. மாட்டுக்கு வாடகை கேட்ட 1824-ல் பீரங்கி. ஒரே பேட்டா, ஆள்தான் வேற.

கும்பினி மிச்சம் பிடிச்சது என்ன? ஒரு ரெஜிமென்டுக்கான மாட்டு வாடகை. இழந்தது அந்த ரெஜிமென்டையே. அதுவும் நடுப் போரில்.

ஜெயிச்சால் சம்பளம் குறையும்

இப்போ கோவில்பட்டிப் பையன் கேள்விக்கு வருவோம்.

1843-ல் சர் சார்லஸ் நேப்பியர் சிந்துவைப் பிடித்தார். போர் நடந்தவரை சிந்து அந்நிய மண். அங்கே போகிற படைக்குக் கூடுதல் பேட்டா. பிடித்து, கும்பினி ஆட்சியில் சேர்த்தாச்சு. இனி அது நம்ம மண். நம்ம மண்ணில் வேலை செய்ய எதுக்குக் கூடுதல் பேட்டா? கட்.

அதே வெயில், அதே காய்ச்சல், வீட்டுக்கு அதே தூரம். மாறினது மேப்பில் அடிச்ச கலர் மட்டும்தான். சிப்பாய் பார்வையில் இதன் அர்த்தம் என்ன? நீ ஜெயிச்சுக் கொடுத்தே, அதனால் உன் வரும்படி குறையுது.

1844 தொடக்கத்தில் சிந்துவுக்குப் போக உத்தரவான வங்காள ரெஜிமென்டுகள் முரண்டு பிடிச்சன. 34-வது காலாட்படை போகவே மறுத்தது. அதை மீரட்டில் கலைத்தார்கள். வேறு வழியில்லாமல் சென்னை ராணுவத்தைக் கூப்பிட்டார்கள்.

சென்னையில் அப்போ கவர்னர் ட்வீடேல் பிரபு. சிந்துவுக்குக் கப்பல் ஏற வேண்டிய 47-வது சென்னைக் காலாட்படைக்கு அவர் ஒரு உறுதி கொடுத்தார்: பர்மா போனபோது கிடைத்த மாதிரியே பேட்டாவும் ரேஷனும் உங்களுக்குக் கிடைக்கும். அந்த வார்த்தையை நம்பி அவர்கள் குடும்பத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள். கல்கத்தாவுக்கு விஷயம் போச்சு. 'சென்னை கவர்னருக்கு இதைக் கொடுக்க அதிகாரமே இல்லை, விதியில் இடமில்லை' என்று ரத்து. ரெஜிமென்ட் பம்பாயில் இறங்கினபோதுதான் இது அவர்களுக்குத் தெரிந்தது. அணிவகுப்பு மைதானத்திலேயே கூச்சல், குழப்பம். கடைசியில் முன்பணம் கொடுத்துச் சமாளித்தார்கள்.

(பாரக்பூரில் 47, பம்பாயிலும் 47. அது வங்காளம், இது சென்னை. எண் ஒற்றுமை தற்செயல்தான், ஆனா படிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது.)

மேனேஜர் வாய்வார்த்தையில் 'போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்' என்பார். போய் இறங்கினதும் சிஸ்டம் 'நாட் எலிஜிபிள்' என்னும். மேனேஜர் பொய் சொன்னார் என்றில்லை. அவருக்கே விதி தெரியாது. நம்பினவனுக்குத்தான் நட்டம்.

இத்தோடு பாடம் படிச்சிருக்கலாம். படிக்கலை. 1849 மார்ச் 29 பஞ்சாப் இணைப்பு. மறுபடி அதே கதை. நேத்து வரை அந்நிய மண், இன்னிக்கு நம்ம மண், பேட்டா கட். ராவல்பிண்டியில் ரெண்டு ரெஜிமென்டுகள் குறைச்ச சம்பளத்தை வாங்க மாட்டோம் என்றன. 1850 பிப்ரவரியில் அமிர்தசரஸ் கோவிந்த்கட் கோட்டையில் 66-வது ரெஜிமென்ட் கலகம் செய்ய, அதையும் கலைத்து, அந்த எண்ணைக் கூர்க்காக்களுக்குக் கொடுத்தார்கள்.

இப்போ தலைமைத் தளபதி யார் தெரியுமா? சிந்துவைப் பிடிச்ச அதே சார்லஸ் நேப்பியர். வஸீராபாத்தில் தானியம் விலை ஏறும்போது சிப்பாய்க்குக் கொடுக்கிற ஈட்டுத் தொகையில் ஒரு புது விதி வந்து கொஞ்சம் குறைச்சிருந்தது. சின்னத் தொகைதான். இந்தக் கொதிநிலையில் இதைக் கைவைக்க வேண்டாம் என்று அவர் அந்த விதியைத் தற்காலிகமாக நிறுத்தினார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி கடுமையாகக் கண்டிச்சு எழுதினார்: உமக்கு அந்த அதிகாரம் இல்லை. படையில் கலக மனநிலை இருக்கு என்றார் நேப்பியர். அப்படி எதுவும் இல்லை என்றார் டல்ஹௌஸி. நேப்பியர் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார்.

ஏழு வருஷத்தில் 1857.

பேட்டாவால்தான் 1857 வந்தது என்று நான் சொல்லலை. கொழுப்புத் தடவின தோட்டா, அவத் இணைப்பு, மதம் பற்றின பயம், நிலம் போன ஜமீன்தார்கள் என்று காரணங்கள் நிறைய. ஆனால் ஒரு சின்னத் தகவல். மீரட்டில் கலைச்சாங்களே 34-வது ரெஜிமென்ட், அதே எண்ணில் பிற்பாடு புதுசாக ஒண்ணு உருவாக்கினார்கள். அதில் இருந்தவர்தான் மங்கள் பாண்டே. அவர் துப்பாக்கியைத் தூக்கிய இடம் பாரக்பூர். பிந்தா திவாரியைத் தூக்கில் போட்ட அதே ஊர்.

தோட்டாவில் பசுக்கொழுப்பு இல்லை என்று கும்பினி அதிகாரிகள் அப்போ எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். யாரும் நம்பலை. ஏன் நம்பணும்? மாடு விஷயத்திலும், சிந்து விஷயத்திலும், பஞ்சாப் விஷயத்திலும் கும்பினி கொடுத்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று முப்பது வருஷமாகப் பார்த்தவர்கள் அவர்கள். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பேட்டா வெட்டினதுக்கான நிஜச் செலவு இதுதான். மிச்சம் பிடிச்ச ரூபாய் அந்த வருஷக் கணக்கிலேயே வந்துடும். நம்பிக்கை போனதை எழுத அந்தப் பேரேட்டில் காலமே கிடையாது.

இஃப் கண்டிஷன்

கோவில்பட்டித் தம்பி கலகமெல்லாம் பண்ணலை. நம்ம காலத்தில் யாரும் பண்றதில்லை. பேப்பர் போட்டுட்டான். கிளையன்டின் பழைய சிஸ்டம் மொத்தமும் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனுக்குப் பதிலாக மூணு பேரை அனுப்பினார்கள். மூணு பேருக்கும் பிளைட், ஹோட்டல், தினப்படி. 90 நாள் வந்ததும் திருப்பிக் கூப்பிட்டு வேற மூணு பேர். விதி மீறலே இல்லை. எங்க சாஃப்ட்வேரில் எல்லா க்ளெய்மும் பச்சை கலரில் 'அப்ரூவ்ட்'.

அந்த க்வார்ட்டரில் பாலிசியால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ரிப்போர்ட் போனது. அதை எடுக்கிற க்வெரியும் நான் எழுதினதுதான். தம்பி போனதால் என்ன செலவு என்று எடுக்க யாரும் க்வெரி கேட்கலை. நானும் எழுதலை.

'பாலிசி போட்டது ஃபைனான்ஸ், நான் வெறும் கோட் எழுதினேன்' என்று எனக்கு நானே நிறைய தடவை சொல்லிப் பார்த்துட்டேன். மாட்டு வாடகை விதியை நகல் எடுத்து எழுதின கல்கத்தா குமாஸ்தாவும் இதையேதான் சொல்லியிருப்பார். அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அவரால் கேள்வி கேட்டிருக்க முடியாது. என்னால் முடிஞ்சிருக்கும். 'போன மாசம் போய் இறங்கினவங்களுக்கும் இது பொருந்துமா, இனிமே போறவங்களுக்கு மட்டுமா?' என்று ஒரு வரி மெயில் போட்டிருந்தால், ஒருவேளை பதில் வேற மாதிரி வந்திருக்கும். எனக்கு டீக்கு நேரமாச்சு.

தம்பி இப்போ பெங்களூரில் வேற இடத்தில் நல்லாத்தான் இருக்கான். தீபாவளிக்கு மெசேஜ் போட்டான். போன வாரம் போன் பண்ணி அந்த இஃப் கண்டிஷன் எழுதினதே நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியும்ணே. அன்னிக்கே கோடைத் திறந்து பார்த்தேன். மேல உங்க பேர்தான் இருந்துச்சு"ன்னான்.

அப்போ அந்தக் கேள்வியை அவன் தெரிஞ்சேதான் என்கிட்ட கேட்டிருக்கான்.

டிஸ்கி: நான் அந்த டீமில் இப்போ இல்லை. அந்த வரி இன்னும் அங்கேயேதான் இருக்கு.